ஏழாவது மன்னிப்பு

அத்தியாயம் 11

"இதை எழுதினவன் கையை ஒடிக்கணும் அத்தான். ஆனா ஒடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சபாஷ் போடணும்" என்றான் மச்சினன்.

துப்பறிவாளர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்காவைக் கட்டியவர் என்பதால் அவரை அத்தான் என்று கூப்பிடும் உரிமையும், உதவியாளன் என்பதால் அவருடைய பையைத் தூக்கும் கடமையும் மச்சினனுக்கு ஒன்பது வருடங்களாக இருந்துவந்தன.

"சத்தமாப் படி மாப்ளே."

காது கேட்கும் கருவி விற்கும் அந்த நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், வாடிக்கையாளர் கடிதப் பிரிவில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்.

"'நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். உங்கள் மனைவி கடைசியாக உங்களைக் கூப்பிட்ட அன்று, கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். கருவியில் குறை ஒன்றும் இல்லை. அப்படியானால் அவர் எத்தனை முறை கூப்பிட்டிருப்பார்? உங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்.'"

படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தான்.

இந்தக் கடிதம் போன மாதம் ஒரு நீச்சல் மாஸ்டருக்கு வந்தது. முப்பது வருடம் குளத்துத் தண்ணீரில் கிடந்து செவி மந்தமாகி ஓய்வு பெற்றவர். கடிதத்தைப் படித்தவர் கருவியைக் காதிலிருந்து எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். மறுநாள் காலை அது இல்லாமலே தெருவில் இறங்கினார். பின்னால் வந்த லாரி அடித்த ஹாரன் தெரு முழுக்கக் கேட்டது, அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

ஐந்து மாதங்களில் இதே மாதிரி ஏழு கடிதங்கள். எல்லாம் நிறுவனத்தின் அசல் கடிதத்தாளில், பிரிவு முத்திரையோடு. ஒரு தையல்கார அம்மாவுக்கு, 'உங்கள் மருமகள் கத்திப் பேசுவது உங்கள் காதுக்காகவா, தன் கோபத்துக்காகவா?' ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாருக்கு, 'கடைசி வருடம் வகுப்பில் பிள்ளைகள் எதற்குச் சிரித்தார்கள் என்று இப்போதாவது புரிகிறதா?' ஒவ்வொருவரும் மனம்விட்டு எழுதி அனுப்பியதையே எடுத்து, ஒவ்வொருவர் நெஞ்சிலும் குத்தியிருந்தான் எவனோ ஒருவன்.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி வந்தார். கையில் இரண்டு கைப்பேசி, இரண்டிலும் பேச்சு.

"என்ன சார், முடிஞ்சுதா? நான்தான் அன்னைக்கே சொன்னேனே. தபால் பிரிவுல இருக்கானே முணுமுணுப்பு, அவன்தான். பதவி உயர்வு குடுக்கலைன்னு என்மேல காண்டு. ரிப்போர்ட்ல அவன் பேரைப் போட்டுக் குடுங்க, வேலையை விட்டுத் தூக்கிடறேன், முடிஞ்சுபோச்சு."

"அவர் எழுதின வேற ஏதாவது இருக்கா?" என்றார் துப்பறிவாளர்.

"லீவ் லெட்டர் இருக்கும். மாசம் மூணு எழுதுவான்."

வந்த லீவ் லெட்டரை மச்சினன்தான் வாங்கிப் படித்தான். "'ஐயா, நான் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், எனக்கு நேற்று முதல் எனக்கு வயிற்றுப்போக்கு ஆதலால் எனக்கு இன்று எனக்கு...' அத்தான், அஞ்சு வரியில ஒன்பது 'எனக்கு'. மனுஷன் அத்தனை தடவை கக்கூஸுக்குக் கூடப் போயிருக்க மாட்டார்."

"இப்ப அந்தக் கடிதத்தோட முதல் சொல் என்ன?"

"'நீங்கள்.'"

"ஏழுலயும்?"

மச்சினன் புரட்டினான். நீங்கள், உங்கள், உங்களுக்கு, நீங்கள். ஏழிலும் படிப்பவரில்தான் தொடங்கியிருந்தது.

ஜன்னலோர மேசையிலிருந்து மெல்லிய சிரிப்புச் சத்தம். "அது நான் சொல்லிக் குடுத்ததுங்க" என்றார் கடிதக்காரம்மா.

அந்தப் பிரிவே அவர்தான். ஐம்பது வயது, இழுத்து வாரிய தலை, மேசைமேல் மூன்று மைப்பேனா. இருபது வருடங்களாக வாடிக்கையாளர்களுக்கு அவர்தான் கடிதம் எழுதுகிறார். போனில் பேசினால் பாதிப் பேருக்குக் கேட்காது என்பதால் இந்த வியாபாரத்தில் கடிதம்தான் எல்லாம். சுவர் முழுக்க வாடிக்கையாளர்களின் பதில்கள் குத்தப்பட்டிருந்தன.

"முதல் சொல் படிக்கிறவங்களைப் பத்தி இருக்கணும், அனுப்புறவங்களைப் பத்தி இல்ல. முன்னாடி அவங்க சொன்ன ஒண்ணை ஞாபகம் வச்சுத் திருப்பிச் சொல்லணும். கடைசியில ஒரு கேள்வி வைக்கணும். கேள்வி கேட்டா பதில் போடுவாங்க. பதில் போட்டுட்டா அப்புறம் அவங்க வாடிக்கை இல்ல, உறவு." பெருமூச்சு விட்டார். "நம்ம ஆபீஸ்ல பதினோரு பேருக்கு இதைச் சொல்லிக் குடுத்தேன். அதுல ஒருத்தர் இப்படிப் பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

மச்சினனுக்கு அந்த அம்மாவை மிகவும் பிடித்திருந்தது. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. மூன்று வாரமாக அவன் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் இருக்கிறாள். காலையில் அத்தான் கை கழுவப் போன சமயத்தில் அவன் கூச்சத்தோடு விஷயத்தைச் சொல்ல, கடிதக்காரம்மா முழு அக்கறையோடு கேட்டார். சண்டை எப்படி வந்தது, என்ன சொன்னான், அதில் எந்த வார்த்தை அவளுக்கு அதிகமாக வலித்தது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, பத்தே நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதி, உறைமேல் விலாசமும் எழுதிக் கொடுத்தார். படித்தபோது அவன் கண்ணே கலங்கிவிட்டது. அது இப்போது அவன் சட்டைப் பையில் இருந்தது.

"அப்போ பன்னெண்டு பேர் மேல சந்தேகம்" என்று எழுந்தார் துப்பறிவாளர். "வா மாப்ளே, முணுமுணுப்பைப் பார்ப்போம்."

கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது தபால் பிரிவு. ஒட்டுப்பசையும் பழைய அட்டையும் கலந்த வாசனை. முணுமுணுப்பு அவர்களைப் பார்த்ததும் எழுந்தார், எழுந்ததும் முணுமுணுத்தார்.

"வாங்க. கழுத்தறுக்க வந்துட்டீங்களா? தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஸ்டாம்ப் ஒட்டின நாக்கு. கடைசியில திருட்டுப் பட்டம்."

"உங்களால அஞ்சு வரி தப்பில்லாம எழுத முடியாது" என்றார் துப்பறிவாளர்.

"என்ன, அசிங்கப்படுத்துறீங்களா?"

"காப்பாத்துறேன். வெளியே போற தபால் பதிவேட்டைக் குடுங்க. வந்த புகார் ஃபைலும் வேணும்."

மச்சினன் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டான். ஒவ்வொரு முறையும் கதை ஒரே மாதிரிதான் போயிருந்தது. கொடூரக் கடிதம் போகும். அது பதிவேட்டில் ஏறுவதில்லை, எவனோ தெருத் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறான். வாடிக்கையாளர் பதறிப்போய்ப் புகார் எழுதுவார். உடனே கடிதக்காரம்மா ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுவார். அந்த மன்னிப்பில் கரைந்து வாடிக்கையாளர் நாலு பக்கத்துக்கு நன்றி எழுதுவார். வாத்தியார் நேரிலேயே வந்து, புது மாடல் கருவி ஒன்று தனக்கும் ஒன்று தம்பிக்கும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

"அத்தான், ஒரு பைத்தியம் கல்லால அடிக்குது, இந்தம்மா பின்னாடியே மருந்து போட்டுட்டுப் போகுது. ஆறு பேர்ல அஞ்சு பேர் திரும்ப வந்து வாங்கியிருக்காங்க. இந்த அம்மாவுக்கு சிலைதான் வைக்கணும்."

"ஆறு பேரா? ஏழு இல்ல?"

"கடிதம் ஏழு. மன்னிப்பும் ஏழு. புகார்..." மச்சினன் விரலை நக்கி மறுபடியும் புரட்டினான். "புகார் ஆறு. ஏழாவது, நீச்சல் மாஸ்டரோட புகார் இதுல இல்ல."

"அவர் பொண்ணு எழுதினது?"

"அதோட நகல்தான் இருக்கு. அவர் செத்து மூணு நாள் கழிச்சு, வெள்ளிக்கிழமை வந்துருக்கு. மன்னிப்பு போனது அதுக்கு முந்தின திங்கக்கிழமை."

துப்பறிவாளர் அவனைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அவர் மூளைக்குள் ஏதோ ஓடினால் தலை அப்படித்தான் சாயும்.

"மாஸ்டர் போன்ல பேச மாட்டார், காது கேட்காது. எழுதினா தபால் வர ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். புகாரே வராம இவங்க யார்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க?"

"புகார் தொலைஞ்சிருக்கும்" என்றான் மச்சினன், ஆனால் அவன் குரல் இறங்கியிருந்தது.

"என் கையில வந்த தபால் எதுவும் இதுவரைக்கும் தொலைஞ்சதில்ல" என்றார் முணுமுணுப்பு, முதல் தடவையாக முணுமுணுக்காமல்.

நீச்சல் மாஸ்டரின் மகள் பஸ் கண்டக்டர். டிப்போவில் இரண்டு டிரிப்புக்கு நடுவே பன்னிரண்டு நிமிடம்தான் கிடைத்தது. காலிப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். அழுது முடித்த முகம். இனி வேலையைப் பார்க்க வேண்டியதுதான் என்று முடிவெடுத்த குரல்.

"நான்தான் சார் அப்பா கையில குடுத்தேன். திங்கக்கிழமை மத்தியானம் மூணு மணி. சனிக்கிழமை போஸ்ட்மேன் லீவு, ரெண்டு நாள் தபாலும் சேர்ந்து வந்துச்சு. அந்தக் கம்பெனி கவரைப் பார்த்தாலே அப்பாவுக்கு சந்தோஷம் சார். அம்மா போனதுக்கப்புறம் அவர் மனசுவிட்டுப் பேசினது அந்த லெட்டர்லதான். என்கிட்டக்கூட அம்மா கூப்பிட்ட விஷயத்தைச் சொல்லல. அதை அவங்களுக்கு எழுதியிருக்கார்." நிறுத்தினாள். "'இந்தாங்க, உங்க ஆளு எழுதியிருக்காங்க'ன்னு கிண்டல் பண்ணிக் குடுத்தேன்."

மச்சினன் வெளியே பார்த்தான்.

"அன்னைக்கு அப்பா யாருக்காவது புகார் எழுதினாரா?"

"பேனாவையே தொடல. சாப்பிடல. சுவரைப் பார்த்து உக்காந்திருந்தார். என்னப்பான்னு கேட்டா, காதுல மிஷின் இல்ல, கேட்கல. மறுநாள் காலையில..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"மன்னிப்புக் கடிதம் எப்ப வந்துச்சு?"

"புதன்கிழமை. அப்பாவை எடுத்துட்டுப் போய்த் திரும்பி வந்தா, வாசல்ல கிடந்துச்சு. எப்படியோ அப்பாவே புகார் பண்ணிட்டார்னு நினைச்சேன். அந்த ஒரு கடிதம்தான் சார் என்னைத் தாங்கிச்சு. தினம் ராத்திரி படிப்பேன். நன்றி சொல்லி, யார் இப்படிப் பண்ணினான்னு கண்டுபிடிங்கன்னு எழுதினேன்."

டிக்கெட் பையின் உள்ளறையிலிருந்து இரண்டு உறைகளையும் எடுத்தாள். துப்பறிவாளர் கடிதங்களைத் தொடவே இல்லை, உறைகளின் மேல் இருந்த தபால் முத்திரையைத்தான் பார்த்தார். கொடூரக் கடிதம், வெள்ளி மாலை. மன்னிப்பு, திங்கள் பகல் பன்னிரண்டு.

"மாப்ளே, அப்பா கடிதத்தைக் கையில வாங்கினது மணி என்ன?"

"மூணு."

"மன்னிப்புக் கேட்டது?"

"பன்னெண்டு." மச்சினன் இரண்டு முத்திரைகளையும் மறுபடி பார்த்தான். "அடி விழறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே மருந்தை அனுப்பிட்டாங்களா?"

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து, டிரைவரிடம் போய், "அண்ணே, அடுத்த டிரிப்புக்கு வேற ஆளைப் போட்டுக்கங்க" என்றாள்.

மூன்றாவது மாடியில் வெயில் கடிதக்காரம்மாவின் மேசைவரை வந்திருந்தது. முதலாளியும் இருந்தார். முணுமுணுப்பைப் பதிவேட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். கண்டக்டர் சுவரில் குத்தியிருந்த தன் கடிதத்தைப் பார்த்தாள். 'உங்கள் மன்னிப்புக் கடிதம் ஒன்றுதான் எனக்கு ஆறுதல்' என்ற வரிக்கு அடியில் யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

துப்பறிவாளர் சுற்றி வளைக்கவில்லை. பதிவேட்டையும் இரண்டு உறைகளையும் மேசைமேல் வைத்தார்.

"திங்கக்கிழமை பன்னெண்டு மணிக்கு, அந்த வீட்டுக்கு இப்படி ஒரு கடிதம் போய்க்கிட்டிருக்குன்னு உலகத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். அனுப்பின ஆளுக்கு. நீங்க மன்னிப்புக் கேட்டீங்க. எதுக்கும்மா?"

கடிதக்காரம்மா உறையைக் கையில் எடுத்து முத்திரையைப் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை. தன் வேலையில் தானே ஒரு பிழை கண்டுபிடித்தவரின் சலிப்பு இருந்தது.

"சனிக்கிழமையே போய்ச் சேர்ந்திருக்கணும்" என்றார். "அந்த போஸ்ட்மேன்..."

"என்னது?" என்றார் முதலாளி. இரண்டு கைப்பேசியும் ஒரே நேரத்தில் காதைவிட்டு இறங்கின.

"புகார் வந்த பிறகு மன்னிப்புக் கேட்டா அது கடமைங்க. வர்றதுக்கு முன்னாடியே கேட்டா அது பாசம். இந்தத் தடவை அப்படிச் செஞ்சு பார்க்கலாம்னு தோணுச்சு."

"ஆனா ஏன்?" என்று கத்தினான் மச்சினன். துப்பறிவாளர் கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சந்தோஷமா இருக்கிறவங்க பதில் எழுத மாட்டாங்க தம்பி. நூறு வாழ்த்து அனுப்பினா மூணு வரும். போன வருஷம் முதலாளி என் பிரிவை மூடிட்டு, எல்லாருக்கும் போன்ல ஒரே மாதிரி மெசேஜ் அனுப்பிடலாம்னார். அந்த வாரம்தான் யாரோ தெரியாத்தனமா ஒருத்தருக்குக் கடுமையான கடிதம் ஒண்ணு அனுப்பிட்டாங்க. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் நேர்ல வந்து முதலாளி கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். மூடுற பேச்சே அப்புறம் வரல." நிமிர்ந்து உட்கார்ந்தார். "வலிக்கிற இடம் தெரிஞ்சாத்தான் தம்பி சரியாத் தடவிக் குடுக்க முடியும்."

எந்த வார்த்தை அவளுக்கு அதிகமாக வலித்தது? காலையில் கேட்ட அந்தக் கேள்வி மச்சினன் நெஞ்சில் இடித்தது. அவன் மனைவியை அவன் என்ன சொன்னான் என்பது இந்த அம்மாவுக்கு இப்போது தெரியும். அம்மா வீட்டு விலாசமும் தெரியும், அவனே உறையில் எழுதச் சொன்னது. சட்டைப் பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து நாலாகக் கிழித்தான். நாலும் ஒரே அளவாக வரவில்லை.

முதலாளிக்கு மூச்சு திரும்பியது. திரும்பியதும் அவர் கதவைச் சாத்தினார்.

"சார், இதை வெளியே விடாதீங்க. மத்த ஆறு பேரும் இப்ப நம்ம மேல உயிரா இருக்காங்க. ரிப்போர்ட்ல முணுமுணுப்பு பேரே இருக்கட்டும். அவனுக்கு ஏதாவது பார்த்துச் செஞ்சுடறேன்."

"நான் இங்கதான் நிக்கறேன் முதலாளி" என்றார் முணுமுணுப்பு.

"இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டார்" என்றார் துப்பறிவாளர். "எந்தச் சட்டப் பிரிவுல கேஸ் போடறதுன்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டுத்தான் வர்றார். ஆனா வர்றார். மத்த ஆறு வீட்டுக்கும் நான் நேர்ல போய்ச் சொல்லப் போறேன்."

முதலாளி இரண்டு நொடி கண்ணை மூடித் திறந்தார். பிறகு கடிதக்காரம்மாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, கெஞ்சலாகச் சொன்னார்:

"அவர் போறதுக்குள்ள ஆறு பேருக்கும் நம்ம கடிதம் போயாகணும் மேடம். ஒரே ஒரு மன்னிப்பு. உங்களை விட்டா வேற யாருக்கும் எழுத வராது. ஜீப் வர்றதுக்குள்ள எழுதிக் குடுத்துடுங்களேன்."

மச்சினன் தன் காதையே நம்பவில்லை. அதைவிட, கடிதக்காரம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இழுப்பறையிலிருந்து புதுத் தாளை எடுத்ததைத்தான் அவனால் நம்ப முடியவில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"ஒண்ணு கேக்கணும்."

கேட்டது கண்டக்டர். மேசைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"எங்க அப்பாவுக்கு எழுதின ரெண்டுல, எதை முதல்ல எழுதினீங்க?"

கடிதக்காரம்மாவின் பேனா நின்றது. பொய் சொல்லலாமா என்று அவர் யோசித்த மாதிரித் தெரியவில்லை. நல்ல கேள்வி கேட்ட மாணவியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"மன்னிப்பைத்தான்மா" என்றார். "உங்கப்பா அம்மாவைப் பத்தி எழுதினதைப் படிச்சதும் அது தானா வந்துச்சு. இருபது வருஷத்துல அப்படி ஒண்ணு நான் எழுதினதில்ல. ஆனா அதை அனுப்பறதுக்குக் காரணம் வேணுமே. ஒரு வாரம் மேசையிலேயே கிடந்துச்சு. வீணாப் போகட்டும்னு விட மனசு வரலம்மா."



கண்டக்டர் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. மன்னிப்புக் கடிதத்தை உறையிலிருந்து எடுத்து, தினமும் மடித்து மடித்து நைந்துபோன அந்தத் தாளை விரித்து, கடிதக்காரம்மாவின் முன்னால் வைத்தாள். "இது உங்களுது" என்றாள். டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் சில்லறை குலுங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

"போய் அவங்களை வீடு வரைக்கும் விட்டுட்டு வா மாப்ளே" என்றார் துப்பறிவாளர்.

மச்சினன் கதவருகே போனபோது கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். கடிதக்காரம்மா தன் பழைய கடிதத்தை உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, புருவத்தைச் சுருக்கி, ஒரு சொல்லை அடித்துவிட்டு, அதன் மேல் இன்னும் நல்ல சொல் ஒன்றை எழுதினார்.